நிழல் முனையில் ஒரு புள்ளி: ஏழாம் வகுப்போடு ஓர் ஆண்டு

ஏழாம் வகுப்பு என்றாலே ஆசிரியர் அறையில் ஒரு தயக்கம் தெரியும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய வகுப்பு மாணவர்கள் தேர்வுக்காகவாவது காதுகொடுப்பார்கள். இடையில் நிற்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்கள் இரண்டிலும் சேராதவர்கள். பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டார்கள். தெரியாவிட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அறிவியலும் கணிதமும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. வேறு வகுப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன ஆண்டு "ஏன் டீச்சர்?" என்று துளைத்தெடுத்த அதே பிள்ளை இந்த ஆண்டு வாயைத் திறப்பதில்லை. ஆர்வம் வற்றிவிட்டது என்பார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆர்வம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பயம் ஏறி உட்கார்ந்துவிட்டது. தவறாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். இந்த வயதுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. அதனால் ஏழாம் வகுப்புக்கு முதலில் வேண்டியது, வகுப்பில் யாருக்குமே விடை தெரியாத ஒரு வேலை. முதல் மதிப்பெண் வாங்குகிற பையனும் கடைசி பெஞ்சில் ஒதுங்கியிருக்கும் பெண்ணும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டிய வேலை. அது ஒரே பாடவேளையில் முடிந்துவிடக் கூடாது. ஆண்டு முழுக்க ஓட வேண்டும்.

நான் அதற்காக எடுத்துக்கொள்வது நிழல்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவேன். மரமோ கட்டடமோ மறைக்காத ஒரு சிமெண்ட் தளம், அதில் செங்குத்தாக ஓர் இரும்புக் கம்பி. வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமையில், நண்பகலை ஒட்டி அதே மணிக்கு, கம்பியின் நிழல் முனை எங்கே விழுகிறதோ அங்கே ஒரு புள்ளி. பக்கத்தில் தேதி. விதி அவ்வளவுதான். எந்த மணியைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை. தேர்ந்தெடுத்தபின் ஒரு நிமிடம்கூட மாறக் கூடாது. இருவர் இருவராகப் பொறுப்பு ஏற்பார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், மற்றவர் தரையில் குனிந்து புள்ளி வைப்பார். கடைசியில் என்ன வரும் என்று நான் சொல்வதில்லை. கேட்டால், "வைத்துக்கொண்டே போங்கள், பார்ப்போம்" என்பேன்.

முதல் தகராறு முதல் நாளே வந்துவிடும். நிழல் முனை எங்கே இருக்கிறது? தூரத்திலிருந்து பார்த்தால் கூராகத் தெரிகிற நிழல், முழங்காலிட்டுக் குனிந்து பார்க்கும்போது ஓரத்தில் கரைந்துபோகிறது. கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகி, சாம்பல் வெயிலோடு கலந்துவிடுகிறது. ஒருத்தி கறுப்பு முடியும் இடத்தில் சாக்பீஸை வைப்பாள். அவளுடைய கூட்டாளி சாம்பல் முடியும் இடம் என்பான். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருக்கும். அளவுகோல் வரும், குரல் உயரும், அதற்குள் நிழலே நகர்ந்துவிடும்.

இந்தத் தகராறை நான் மிகவும் மதிக்கிறேன். சூரியன் வானத்தில் புள்ளியாக இல்லை, ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத் தட்டாகத் தெரிகிறது என்பதை நிழலின் அந்தச் சாம்பல் ஓரம்தான் அவர்களுக்குக் காட்டுகிறது. தட்டின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒளியைக் கம்பி மறைக்கும் இடத்தில் மறு விளிம்பின் ஒளி வந்து விழுந்துகொண்டிருக்கும். கம்பி முனையிலிருந்து தரை ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த மங்கல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம். இரண்டு மீட்டர் என்றால் அது இரு மடங்கு. கம்பி உயரமாக இருந்தால் நிழல் துல்லியமாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். சில நாள் யோசித்தபின் யாராவது ஒருவர் ஓர் அட்டையில் சின்ன ஓட்டை போட்டுக் கம்பி உச்சியில் கட்டிப் பார்ப்போம் என்பார். அட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு சின்ன ஒளிவட்டம் விழும். சூரியனின் உருவமே அதுதான். வட்டத்தின் நடுவைக் கண்டுபிடிப்பது சுலபம். சண்டை அன்றோடு தீரும். அந்த யோசனை நான் பாடம் நடத்தி வந்ததில்லை, சண்டை முற்றி வந்தது.

பிறகு மேகம். வானம் மூடியிருக்கும் நாளில் புள்ளி கிடையாது. நோட்டில் தேதியை எழுதி "மேகம்" என்று மட்டும் குறிக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவன், போன வாரத்துப் புள்ளிக்கும் அடுத்த வாரத்துப் புள்ளிக்கும் நடுவில் ஒன்றை வைத்துவிட்டால் வரிசை நன்றாக இருக்குமே என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அழகாக இருக்கும் என்று ஒரு கட்சி. பார்க்காததை எப்படி வைப்பது என்று எதிர்க்கட்சி. அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத ஒரு பெண் எழுந்து, "நாம் வைக்கிற புள்ளி சூரியன் வைத்தது மாதிரி ஆகிவிடும்" என்றாள். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. மேகம் மேகமாகவே நோட்டில் நின்றது. தரவு, நேர்மை என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகியிருக்காது.

சில வாரங்கள் போனதும்தான் பெரிய சிக்கல் வரும். நிழல் நீளுவதையும் குறுகுவதையும் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். பருவங்களைப் பற்றிய பாடத்தில் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதைப் படித்திருக்கிறார்கள். அதனால் புள்ளிகள் வடக்கு தெற்காக ஒரே நேர்கோட்டில் நகர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புள்ளிகள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் ஒதுங்கத் தொடங்குகின்றன. ஒரு வாரத்தில் சில சென்டிமீட்டர்கூட விலகிவிடும்.

உடனே குற்றம் அந்த வாரம் புள்ளி வைத்தவர்கள்மேல் விழும். கடிகாரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள், கம்பியை இடித்திருப்பார்கள். ஓர் ஆண்டில் இப்படிப் பழி விழுந்தது வகுப்பிலேயே மிக அமைதியான இருவர்மேல். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. அவர்கள்மேல் தவறில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தில் காப்பாற்றியிருக்கலாம். வேண்டுமென்றே பொறுத்தேன். அந்த இருவரில் ஒருத்தி, "அடுத்த வாரம் எங்களைக் குறை சொன்னவர்களே புள்ளி வைக்கட்டும், நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறோம்" என்றாள். கம்பி செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார்கள். கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டார்கள். குறை சொன்னவர்கள் வைத்த புள்ளி இன்னும் அதிகமாக விலகி விழுந்தது. "நம் மேல் தப்பு இல்லை டீச்சர், சூரியன்தான் நேரத்துக்கு வரவில்லை" என்று அவர்களே வந்து சொன்னார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். எல்லோரும் ஒருபக்கம் நிற்க, தான் கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுக்காமல் நிற்பது பெரியவர்களுக்கே கடினம். பன்னிரண்டு வயதில் அதைச் செய்து, அது சரி என்று நிரூபித்தும் காட்டிய பிள்ளைகள் அதன்பிறகு வகுப்பில் பேசப் பயப்படுவதில்லை.

விளக்கத்துக்கு மைதானம்தான் சரியான இடம். ஒருவன் நடுவில் சூரியனாக நிற்பான். ஒருத்தி பூமியாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அவனையும் சுற்றி நடப்பாள். முதலில் சூரியனைப் பார்த்து நிற்பாள். தூரத்துக் கம்பம் ஒன்று அதே திசையில் தெரியும். ஓர் அடி நகர்ந்து, ஒரு முழுச்சுற்று சுற்றினால், கம்பம் நேராகத் தெரியும், சூரியன் தெரியாது. அவன் முகத்தைப் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அந்த "இன்னும் கொஞ்சம்" பூமிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி, நேரத்தில் 4 நிமிடம். பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம்தான். நண்பகலிலிருந்து நண்பகலுக்கு 24 மணி. மைதானத்தில் தலை சுற்றச் சுற்றி நடந்தவர்களுக்கு இது மறப்பதேயில்லை.

இனி மிச்சத்தை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். பூமி வேகமாக நடக்கும் நாட்களில் அந்த "இன்னும் கொஞ்சம்" கூடுதலாகத் தேவைப்படும். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. கிட்டே இருக்கும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். இது ஒரு காரணம். அச்சின் சாய்வு இன்னொரு காரணம்: சூரியனின் வருடாந்திரப் பாதை வானத்தின் நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் வரும் கோட்டுக்கு, சாய்வாக இருப்பதால், அதன் கிழக்கு நோக்கிய நகர்வு எல்லா மாதமும் ஒரே அளவாக இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து, நண்பகலிலிருந்து நண்பகலுக்கான நேரத்தை டிசம்பர் இறுதியில் 24 மணியைவிட ஏறத்தாழ 30 விநாடி நீட்டுகின்றன. செப்டம்பர் நடுவில் 20 விநாடியளவு குறைக்கின்றன. அற்ப விநாடிகள்தான். நாள்தோறும் சேரச் சேர, நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்திவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. இரண்டும் ஒத்துப்போவது ஆண்டில் நான்கே முறை: ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் 25-ஐ ஒட்டிய நாள்.

அச்சுச் சாய்வுக் காரணம் எல்லோருக்கும் முழுதாகப் புரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பந்தில் சாய்வாகக் கோடு வரைந்து காட்டினால் சிலருக்குச் சட்டென்று விளங்கும், சிலருக்குப் பத்தாம் வகுப்பில் விளங்கும். அவசரமில்லை.

அவசரமின்மையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரே விநாடி என்று தெரிந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுவார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். காத்திருப்பை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டச் சொன்னபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. பதிலைக் கேட்டபிறகு காத்திருப்பதையும் அவர் தனியாகக் கவனித்தார். உடனே "சரி", "தப்பு" என்று தீர்ப்புச் சொல்லாமல் நின்றால், சொன்ன பிள்ளையே தொடர்ந்து "ஏனென்றால்" என்று ஆரம்பிக்கும்.

மூன்று விநாடி என்பது வாசிக்கும்போது ஒன்றுமில்லை. முப்பது, நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மின்விசிறி மட்டும் சத்தம் போட, வாயை மூடிக்கொண்டு நிற்பவருக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். கேள்வி கேட்டபின் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். முகத்தை உற்றுப் பார்த்தால் இந்த வயதுக்காரர்களுக்கு வந்த பதிலும் மறந்துவிடும். முன் பெஞ்சுக் கைகள் முதலில் எழும்; அவற்றுக்கு நான் தலையசைப்பதோடு சரி. கொஞ்சம் பொறுத்தால் பின்னாலிருந்து ஒரு கை, முழங்கை மேசையை விட்டு எழாமல், பாதி உயரத்துக்கு வரும். அந்தக் கைக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறேன். "சொல்லம்மா" என்றால் போதும்.

குழு வேலை என்று சொல்லி நான்கு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தால், ஒருவர் எழுதுவார், ஒருவர் அதிகாரம் செய்வார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகளே குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவதும் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேர்தான் சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் நிற்பார்கள். வகுப்பே அதைப் பார்க்கும். நான் பெயர்ச் சீட்டு எடுத்துத்தான் குழு பிரிப்பேன். முறைக்கு அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சனைப் பின்பற்றுகிறேன். 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், இன அடிப்படையில் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டு, வகுப்பறைகளில் பகை மூண்டிருந்த சமயம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். ஒரே துண்டை வாங்கியவர்கள் முதலில் தனியாகக் கூடிப் படித்துத் தெளிவார்கள்; பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். உன் துண்டு என்னிடம் இல்லை. நீ சொன்னால்தான் எனக்குப் படம் முழுமையாகும்.

மீட்டரின் கதை இதற்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. முதல் துண்டு: 1791-இல் பிரான்சில், வட துருவத்திலிருந்து நடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவாகி, டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை தெலாம்பர், மெஷேன் என்ற இரு வானியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்த கதை. இரண்டாம் துண்டு: 1889-இல் பிளாட்டினம், இரிடியம் கலந்த உலோகச் சட்டம். மூன்றாவது: 1960-இல் கிரிப்டான் என்ற வாயுவின் அணு வெளியிடும் ஒளியின் அலைநீளம். நான்காவது: 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் விநாடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். உலோகச் சட்டத்தை வாங்கியவனுக்கு அது போதும் என்று தோன்றும். சட்டம் தொலைந்தால் என்ன செய்வது, சூட்டில் நீளாதா என்று மற்றவர்கள் மடக்குவார்கள். அவன் தன் துண்டுக்காக வாதாடுவான். வழக்கமாக யாரும் தேடாத ஒருவன் ஒருநாள் வராமல்போனான். அவனிடம்தான் கிரிப்டான் இருந்தது. மறுநாள் காலையில் அவன் வகுப்பு வாசலில் கால் வைத்ததும் மூன்று பேர் எழுந்து ஓடினார்கள். அவன் பையைக்கூட இறக்கவில்லை, நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஒரு விஷயத்தில் பாடப்புத்தகத்தோடு எனக்கு உடன்பாடே கிடையாது. புள்ளியியல் பாடம் வந்தால், வகுப்பு மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து அட்டவணை போடுங்கள் என்று பயிற்சி இருக்கும். நான் செய்ய மாட்டேன். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் பிடிப்பது ஆண் பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டு முன்னதாக. ஏழாம் வகுப்பில் ஒரே வரிசையில் நிற்பவர்களிடையே ஒரு தலை உயரம் வித்தியாசம் இருக்கும். சட்டென்று உயர்ந்துவிட்ட பெண் கூன் போட்டு நடக்கிறாள். இன்னும் வளராத பையன் கடைசியில் வந்து நிற்கிறான். இவர்களை வகுப்புக்கு நடுவே நிறுத்தி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, சராசரிக்கு மேலே கீழே என்று பிரிப்பது கொடுமை. பெயரில் எத்தனை எழுத்து, ஒரு பத்தியைப் படிக்க எத்தனை விநாடி, ஷூ நாடாவின் நீளம் என்ன என்று அளப்பதற்கு ஆயிரம் இருக்கின்றன. சராசரியும் இடைநிலையும் அவற்றிலும் அதேபோலத்தான் வரும். உயரத்தை அளந்துதான் தீர வேண்டும் என்றால் நிழலை வைத்துக் கம்பத்தின் உயரத்தை அளக்கட்டும்.

முதல் பாடவேளையில் தூங்கி வழிகிறார்கள் என்பதும் அடிக்கடி வரும் புகார். பூப்பெய்தும் வயதில் உடலின் தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்ததற்கு இதுதான் அடிப்படை. பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். மணியடிக்கும் நேரத்தை மாற்ற என்னால் முடியாது. ஆனால் முதல் பாடவேளையில் புதிய பாடம் தொடங்காமல், எழுந்து நின்று கையால் செய்யும் வேலையை வைக்க முடியும். ஊசல் அதற்கு ஏற்றது. ஒரு மீட்டர் கயிற்றில் கட்டிய குண்டு போய்வர ஏறத்தாழ இரண்டு விநாடி. கால் மீட்டராக்கினால் ஒரு விநாடி. குண்டின் எடையை மாற்றினாலும் நேரம் மாறாது என்பதை எந்தக் குழுவும் முதலில் நம்பாது. மூன்று குண்டு மாற்றுவதற்குள் எல்லோரும் முழித்துக்கொள்வார்கள்.

தேர்வு நெருங்கும்போது, நோட்டை மூடிவிட்டு நினைவிருப்பதை வெற்றுத் தாளில் எழுதச் சொல்வேன். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. திரும்பத் திரும்பப் படிப்பதுதான் படித்த திருப்தியைத் தரும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வகுப்பில் சொல்லிவிடுவேன். ஏன் செய்கிறோம் என்று தெரிந்தால் இந்த வயதுக்காரர்கள் பிடிக்காததையும் செய்வார்கள். காரணம் சொல்லாத கட்டளையைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. அந்தத் தாள்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை.

ஆண்டு முடியும் தறுவாயில் தளத்தில் இருப்பது முழுதாக மூடாத ஓர் எட்டு. ஒரு வளையம் சிறியது, ஜூன் பக்கம். மற்றது பெரியது, டிசம்பர் பக்கம். நீண்ட விடுமுறை விழும் இடத்தில் மட்டும் வெறும் சிமெண்ட். வானியலில் இதற்கு அனலெம்மா என்று பெயர். கடைசி மாதம்வரை அந்தச் சொல்லை நான் உச்சரிப்பதில்லை, சொன்னால் தேடி எடுத்துவிடுவார்கள். எட்டு என்று முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும். ஒருமுறை மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அந்த மதியம் மற்ற வகுப்பு ஆசிரியர்களும் இறங்கி வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொன்னவர்கள், ஆண்டுத் தொடக்கத்தில் பழி சுமந்த அந்த இருவர்.

விடுமுறையில் விட்டுப்போன இடத்தை என்ன செய்வது என்று பெரிய விவாதம் நடக்கும். பார்க்காததை வைக்கக் கூடாது என்பது பழைய தீர்மானம். ஆனால் இப்போது அவர்களுக்குக் காரணம் தெரியும். எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று கணக்கிடவும் முடியும். புள்ளி வேறு, கணிப்பு வேறு என்று தெரியும்படி வேறு நிறத்தில் விட்டு விட்டுக் கோடு போடலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள்: "வெள்ளை பார்த்தது, மஞ்சள் கணக்கிட்டது."

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொல்கிறேன். கம்பியை அடித்தளத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். பந்து பட்டுச் சாய்ந்தால் ஆண்டே வீண். சாக்பீஸ் மழையில் போய்விடும், அன்றே பெயின்ட் வைக்க வேண்டும். டிசம்பர் நிழலுக்கு எவ்வளவு இடம் வேண்டும், ஜூன் நிழலுக்கு எவ்வளவு என்பது உங்கள் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கம்பியின் உயரத்தைத் தளத்தின் நீளம் பார்த்துத் தீர்மானியுங்கள். வெப்ப மண்டலத்தில் நிழல் ஆண்டின் ஒரு பகுதியில் கம்பியின் மறுபக்கம் விழும், இரண்டு பக்கமும் இடம் விடுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில் இருந்தால், அந்த மாதங்களில் நீங்களும் ஒரு மணி தள்ளியே புள்ளி வைக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கடிகாரத்தை நீங்கள் பார்க்காதீர்கள், பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.